நாய்க்குட்டி வாங்கும் முன்: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற காலத்தில், பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் அடியெடுத்து வைக்கலாகாது என்பது மாற்றமில்லாத விதி. கற்பிக்கவிருக்கும் பாடம் எது, கேட்கவிருக்கும் பிள்ளைகள் எவ்வயதினர், அவர்கள் முன்னரே அறிந்தவை எவை, நமக்குள்ள நேரம் எவ்வளவு, வேண்டிய துணைக்கருவிகள் யாவை என அனைத்தையும் எழுதி ஒப்பம் பெற்ற பின்னரே கரும்பலகையின் முன் நிற்க வேண்டும். நாற்பது நிமிடப் பாடத்திற்கு இத்தனை எழுத்தா என்று அந்நாளில் சலித்துக்கொண்டதுண்டு. ஆயத்தமின்றி நுழையும் ஆசிரியரால் துன்புறுவோர் பிள்ளைகளே என்பது பின்னாளில்தான் விளங்கிற்று.

நாற்பது நிமிடத்திற்கே இவ்வளவு ஆயத்தம் வேண்டுமெனில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம் இல்லத்தில் வாழப்போகும் ஓர் உயிரை அழைத்து வருவதற்கு எவ்வளவு வேண்டும்? ஆயினும் நம்மில் பலர் ஒரு வினாவும் கேளாமலே நாய்க்குட்டி வாங்கிவிடுகின்றோம். நாமும் அத்தவற்றைச் செய்தவரே. ஆதலின் இப்பாடத்தை, பிறர்க்கு உரைப்பதாக எண்ணாமல், நமக்கே உரைத்துக்கொள்வதாக எழுதுகின்றோம்.

பாடம் பிறந்த வீடு

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் உள்ளது வல்லக்கோட்டை. முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஏரியும் நெல்வயலுமாக இருந்த அப்பகுதி இன்று தொழிற்சாலைகளின் நடுவே நிற்கின்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. அவற்றைத் தொடர்ந்து உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் பல வந்தன. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பங்கள் சிலவும் வேலையை நாடி அங்குக் குடியேறின. எம் மகன் குடும்பமும் அவற்றுள் ஒன்று. மகனுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். மருமகளுக்கும் வெளியில் வேலை. பெயரன் அப்போது ஆறாம் வகுப்பு.

பனிவெளியில் ஓடும் நீலக்கண் நாயொன்றின் படத்தைக் கைப்பேசியில் கண்ட பெயரன், பிறந்தநாளுக்கு அதே இனக் குட்டி வேண்டுமென்றான். பணம் தந்தவர் நாமே. விற்றவர், "ஐந்து வாரக் குட்டி, சைபீரியன் ஹஸ்கி" என்றார். ஐந்து வாரத்தில் தாயைப் பிரிக்கலாமா என்று நாம் கேட்கவில்லை. சைபீரியா எங்கே, வல்லக்கோட்டை எங்கே என்றும் கேட்கவில்லை. புவியியல் பாடம் நடத்திய நாமே கேட்கவில்லை.

முதற்கோடையை அந்நாய் எப்படியோ கடந்தது. இரண்டாம் கோடையில், அக்கினி நட்சத்திர நாளொன்றில், மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றிருந்தனர். பெயரன் பள்ளி விடுமுறைக்கு எம்முடன் ஊரில் இருந்தான். முன்புறத் தகரக் கூரையின் கீழ் நாய் கட்டப்பட்டிருந்தது. மின்தடையால் விசிறி நின்றுபோயிற்று. அண்டை வீட்டார் கண்டு தொலைபேசியில் அழைத்தபோது பிற்பகல் மூன்று மணி. மருத்துவரிடம் கொண்டு செல்லும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது. தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்ததாம். சங்கிலி அதனைச் சுற்றியிருந்ததாம்.

செய்தி கேட்ட பெயரன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "பாட்டி, நாம யாரும் அதை அடிக்கலையே. அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" என்றான்.

அவ்வினாவிற்கு அன்று நம்மிடம் விடையில்லை. ஊர் ஜினாலயத்தில் பல ஆண்டு சிறுவர்க்கு அறநெறி வகுப்பு நடத்திய நமக்கு, அவ்விடை நாமே கற்பித்த பாடத்தில் இருந்தது என்பது சில நாள் கழித்தே நினைவுக்கு வந்தது.

ஐந்து அதிசாரங்கள்

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன அவை. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்று பொருள் கொள்க. நம்மைச் சார்ந்து வாழும் விலங்குகளை நாம் எவ்வாறெல்லாம் துன்புறுத்தக்கூடும் என்பதை ஆசாரியர் எண்ணிப் பார்த்து வகுத்த பட்டியல் இது.

இவ்வைந்தில் அடித்தல் ஒன்றே பெயரன் அறிந்திருந்தது. எஞ்சிய நான்கில் பந்தமும் நீர்த்தடையும் அந்நாளில் அத்தகரக் கூரையின் கீழ் நிகழ்ந்தன. செய்தவர் எவர்க்கும் கொடுமை செய்யும் எண்ணமில்லை, அறியாமையே செய்தது. ஆகவே, ஓர் இனத்தின் தேவைகளை வாங்கும் முன்பே விசாரித்து அறிதல், அகிம்சை விரதத்தின் முதற்படியென்றே கொள்ளத்தக்கது.

நாய் மனமுள்ள ஐம்பொறியுயிர். சீவக சிந்தாமணியில், பிறர் அடித்துக் குற்றுயிராக விட்ட நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதியதும், அது சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து அவனுக்கு உதவியதும் நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த கதை. சாகும் நாய்க்கே அத்துணைப் பரிவு காட்டிய மரபினர், வாழப்போகும் நாய்க்காகச் சில வினாக்களையேனும் கேட்க வேண்டாமா? இனி, அதிசாரத்திற்கு ஒன்றாக அவ்வினாக்களைக் காண்போம்.

ஒன்று: பந்தம்

கேட்க வேண்டிய வினா: இவ்வினம் எந்நிலத்தில், எவ்வேலைக்காக உருவாக்கப்பட்டது?

ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுப்பதற்காக வளர்த்த இனம். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, உயிர்காக்கும் மருந்தைக் கடும்பனியில் கொண்டு சேர்த்தவை இத்தகைய வண்டிநாய்களே. குளிரைத் தாங்க அதற்கு இரட்டை மயிர்ப்போர்வை உண்டு. நாள் முழுதும் ஓடும் உரமும் உண்டு. அப்பிறவியை ஆறடிச் சங்கிலியில் கட்டிவைப்பது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு வரை. அதற்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்து, வாயின் ஈரம் ஆவியாவதனாலேயே அது பெரும்பாலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். கடற்கரை மாவட்டங்களை ஒட்டிய நம் பகுதியின் புழுக்கத்தில் நாய் எத்துணை இரைத்தாலும் போதிய குளிர்ச்சி கிட்டாமற்போவது இதனாலேயே. உடல்வெப்பம் 41 பாகையைக் கடந்தால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். இடைவிடாத இரைப்பு, எச்சில் வழிதல், ஈறுகள் கடுஞ்சிவப்பாதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

நம் நாட்டு இனமாயின் இத்தொல்லை இல்லை என்று எண்ணுவோர் உளர். விருதுநகர்ப் பகுதியின் சிப்பிப்பாறை நாய்க்கும், அதனையொத்த கன்னி நாய்க்கும் மயிர் குறுகியது, வெயிலைத் தாங்கும். ஆனால் அவை முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட ஓட்டநாய்கள். அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில் அதனை அடைத்து வைப்பதும் பந்தமே. மேலும், ஓடும் சிற்றுயிரைக் கண்டால் துரத்துவது அதன் குருதியில் ஊறியது. அணிலும் பூனையும் உலவும் தெருவில் அதனை அவிழ்த்துவிட்டால் நேரும் உயிர்க்கொலையில் நம் கவனக்குறைவுக்கும் பங்குண்டு. விலங்கு வதைத் தடுப்போடு வேட்டை மறுத்தலையும் விரதமாகக் கொண்ட குடும்பத்தார் இதனை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் பந்தத்தைக் குற்றமாகவே கூறுகின்றது. மிகக் குறுகிய அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டி அல்லது அடைத்து வைத்த நாயை உரியவர் நடத்தி உலவவிடாமல் புறக்கணிப்பதும் அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அடங்கும்.

இரண்டு: வதம்

கேட்க வேண்டிய வினா: இவ்வினத்தின் இயல்பு என்ன? அதனைப் பொறுக்கும் மனம் நமக்குண்டா?

நாயை அடிப்பவர் பலரும் அது செய்யும் செயலின் காரணத்தை அறியாமலே அடிக்கின்றனர். நான்கு முதல் ஆறு மாதத்தில் குட்டிக்குப் பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். ஈறு நமைச்சலால் செருப்பையும் கட்டிற்காலையும் கடிக்கும். தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் காவலுக்கென வளர்க்கப்பட்ட இனம். புதியவரைக் கண்டு சீறுவது அதன் கடமை. விருந்தினர் ஓயாது வந்துபோகும் வீட்டில் அதனை வைத்துக்கொண்டு, சீறியதற்காக அடிப்பது நெறியாகாது.

இராஜபாளையம் நாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அவ்வினத்தின் சிறப்பை மதித்து இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டது. ஆனால் முழு வெண்மைக்குக் காரணமான மரபுக்கூறு சில குட்டிகளைப் பிறவிச் செவிடாக்கிவிடுவதும் உண்டு. புள்ளியுடைய டால்மேஷியன் இனத்திலும் இக்குறை உண்டு. பெயர் சொல்லி அழைத்தும் வாராத குட்டியைப் பிடிவாதமுடையதென்று அடிக்கும் முன், அதற்குச் செவி கேட்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். வாங்கும்போதே, குட்டி காணாதபடி பின்புறம் நின்று மெல்லக் கைதட்டிப் பார்க்கலாம். உறுதிப்படுத்த மருத்துவரை நாடுக.

மூன்று: சேதம்

கேட்க வேண்டிய வினா: இதன் அழகுக்காக இதன் உடலுக்கு என்ன செய்யப்பட்டுள்ளது?

டாபர்மேன் முதலிய இனங்களின் காதை நறுக்கி நிமிர்த்துவதும் வாலைத் துண்டிப்பதும் தோற்றத்திற்காகச் செய்யப்படுவன. நாய் தன் மனநிலையைக் காட்டும் மொழியே காதும் வாலுமாகும். நறுக்கிய குட்டியை விரும்பிக் கேட்பவர் இருக்கும்வரை நறுக்குவோரும் இருப்பர்.

கத்தி படாமலே செய்யப்படும் சேதமும் உண்டு. பக் என்னும் தட்டைமூக்கு நாய்க்குத் தலைமுறை தலைமுறையாகக் குறுமூக்குடையவற்றையே இணைசேர்த்ததால், முகவெலும்பு குறுகியும் உள்ளிருக்கும் தசை குறையாமலும் போயிற்று. அதனால் மூச்சுவழி அடைபட்டு, உறங்கும்போதும் குறட்டை விடும். குளிர்வதற்கு மூச்சையே நம்பியிருக்கும் உயிருக்கு மூச்சே தடைபட்டால், நம் கோடை அதற்கு எத்துணைக் கொடிது! 2003-இல் ஹட்ச் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்த பக் நாயைக் கண்டு, நாடெங்கும் எண்ணற்றோர் அவ்வினத்தை நாடினர். விளம்பரம் ஒரு நிமிடம். நாயின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு. திரைப்படத்திலும் கைப்பேசியிலும் கண்ட இனத்தை வாங்கத் துடிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வொன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பெரும்பயன் விளையும்.

நான்கு: அதிபாராரோபணம்

கேட்க வேண்டிய வினா: இக்குட்டியின் தாய் எங்கே? எத்தனை முறை ஈன்றது?

பாரம் என்றதும் மாட்டுவண்டியே நினைவுக்கு வரும். ஓய்வின்றி ஈன்றுகொண்டேயிருக்கும் தாய்நாயின் பாரத்தை நாம் காண்பதில்லை. 2017-ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத பெண் நாயை இணைசேர்க்கலாகாது. ஓராண்டில் ஓர் ஈற்றுக்கும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கும் மிகலாகாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது.

எட்டு வாரக் கணக்கு எழுத்தளவில் நிற்கும் விதியன்று. கடிக்கும் வலு எவ்வளவு, விளையாட்டு எங்கே முடிய வேண்டும் என்பவற்றையெல்லாம் குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமுமே கற்கின்றது. அப்பள்ளிப்படிப்பு முடியுமுன் பிரித்த குட்டி அச்சமும் கடியும் மிகுந்ததாக வளரக்கூடும். ஐந்து வாரக் குட்டியைப் பெற்றுக்கொண்ட நாம், விற்றவரின் தவற்றில் பாதியை ஏற்றுக்கொண்டவரே.

ஆகவே, தாயைக் காட்ட மறுப்பவரிடமும், பேருந்து நிலையத்திலோ சாலையோரத்திலோ கூடையில் வைத்துக் கைமாற்றுவோரிடமும் வாங்கலாகாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு மரபுவழி வருவது. பெற்ற நாய்களின் இடுப்பைச் சோதித்ததுண்டா என்று கேட்பது நம் உரிமை.

ஐந்து: அன்னபான நிரோதம்

கேட்க வேண்டிய வினா: நம் சமையலறையில் இதன் தேவை நிறைவேறுமா?

ஊனுணவு நுழையாத நம் இல்லங்களில் நாய் வளர்க்க இயலுமா என்று பலர் வினவுகின்றனர். பூனைக்கு ஊனுணவிலுள்ள சில சத்துகள் இன்றியமையாதவை. அதனால் பூனையைப் பொறுத்தமட்டில் விடை கடினம். நாயின் நிலை வேறு. ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் படிகள் மிகுதியாக உள்ளமையை 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். மனிதரோடு வாழ்ந்து மனிதர் உண்ட தானியத்தை உண்டு பழகியதன் விளைவு அது. முறையாகத் திட்டமிட்டால் வளர்ந்த நாய் மரக்கறி உணவில் நலமாக வாழ இயலும்.

"முறையாகத் திட்டமிட்டால்" என்னும் சொற்களைக் கவனிக்க. தயிர்ச்சோறு மட்டும் இட்டு வளர்ப்பதும் உணவு மறுத்தலின் ஒருவகையே. ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 விழுக்காடும் வளரும் குட்டியின் உணவில் 22.5 விழுக்காடும் புரதம் வேண்டுமென்பது அமெரிக்கத் தீவனத் தரவிதி. அரிசியில் உள்ளது ஏழெட்டு விழுக்காடே. பருப்பு, சோயா, பனீர் முதலியவற்றால் அதனை ஈடுசெய்வதோடு, சுண்ணாம்புச்சத்தும் பிற சத்துகளும் எவ்வளவு வேண்டுமென்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதிவாங்க வேண்டும். பெரிய இனக் குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து குறைந்தாலும் மிகுந்தாலும் எலும்பு கெடும். பால் பல நாய்களுக்குச் செரிப்பதில்லை, தயிர் நன்று.

வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவற்றை விலக்கிய சமையலறை நாய்க்கும் நன்மையானது. ஆனால் பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் நாம் இடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. சாக்லேட்டும் நஞ்சே. திருவிழா நாளில் அன்பினால் ஊட்டும் ஒரு கவளமே தீங்காகலாம்.

இரவுணவு துறந்த குடும்பங்களில், வளர்ந்த நாய்க்குக் காலையிலும் கதிரவன் மறையும் முன்பும் இரு வேளை உணவிடுவது எளிதில் பொருந்தும். குட்டிக்குப் பகலில் மூன்று நான்கு வேளை வேண்டும். ஆனால் தண்ணீர் இரவும் பகலும் அதன் அருகில் இருத்தல் வேண்டும். விரதம் நம்முடையது, தாகம் அதனுடையது.

மிகுதியாக ஊட்டுவதும் தீதே. லாப்ரடார் நாய்கள் எப்போதும் பசித்திருப்பதுபோல் பார்ப்பதன் காரணத்தை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெளியிட்டனர். ஏறத்தாழ நான்கில் ஒன்றில், போதும் என்னும் உணர்வோடு தொடர்புடைய மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டுள்ளதாம். அதன் பார்வைக்கு இரங்கி ஊட்டிக்கொண்டே இருந்தால் உடல் பெருத்து மூட்டுகள் தேயும்.

நம் மரபினர்க்கே உரிய இக்கட்டு

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாய்க்கு உண்ணி பற்றும். குடலில் புழு உண்டாகும். உண்ணியால் பரவும் காய்ச்சல் நாயைக் கொல்லவல்லது. மருந்திட்டால் உண்ணியும் புழுவும் மடியும். இடாவிட்டால் நாய் மடியும். சில புழுக்கள் குழந்தைகளுக்கும் தொற்றும். நாள்தோறும் சீவித் தூய்மை செய்வதாலும், அடர்மயிர் இல்லாத இனத்தைத் தேர்வதாலும் இத்துன்பத்தைக் குறைக்கலாம். முற்றிலும் ஒழிக்க இயலாது. இதில் உங்கள் மனம் எதனை ஏற்கும் என்பதைத் துறவியரிடமோ மடத்துப் பெரியோரிடமோ கேட்டு, குட்டி வரும் முன்பே முடிவு செய்க. நோயுற்ற நாயைக் கண்முன் வைத்துக்கொண்டு தயங்குவது இரு உயிர்க்கும் தீங்கு.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியில் மட்டும் தயக்கத்திற்கு இடமேயில்லை. நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாதது. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் கூறும் ஆண்டுதோறுமான ஊசியும் இடுதல் நம் கடமை. பிற நோய்த் தடுப்பூசிகள் ஆறெட்டு வாரத்திலேயே தொடங்கும்.

விலைக்கு வாங்கத்தான் வேண்டுமா?

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நம் இனங்களைப் புகழ்ந்து கூறினார். நம் மண்ணின் இனங்கள் போற்றத்தக்கவை. ஆயினும் இனப்பெயரின் பெருமை வேறு, நம் வீட்டுக்குப் பொருத்தம் வேறு. தோட்டமும் சுற்றுச்சுவரும், நாளும் ஓடவிடும் ஆளும் உள்ள வீட்டுக்கு ஏற்றது, ஈரறை வாடகை வீட்டுக்கு ஏற்காது.

தெருவில் பிறந்த நாட்டு நாய் எவ்வேலைக்கெனவும் மனிதரால் திருத்தப்படாதது. நம் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம். மிகைப்பட்ட உடலமைப்புகளால் வரும் கோளாறுகளும் குறைவு. 1959-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடமிருந்து தத்தெடுக்கலாம். வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் அதன் இயல்பு முன்னரே தெரிந்துவிடும் என்பதும் ஒரு நன்மை. தத்தெடுப்பதற்கும் மேற்கூறிய வினாக்கள் அனைத்தும் பொருந்தும். இலவசமாக வந்த உயிர்க்கும் பசி ஒன்றே.

பெயரனின் குறிப்பேடு

எம் பெயரன் இப்போது எட்டாம் வகுப்பு. சென்ற ஆண்டு மீண்டும் நாய் வேண்டுமென்றான். இம்முறை பணம் தரவில்லை. நூறு பக்கக் குறிப்பேடு ஒன்று தந்தோம். பாடக்குறிப்பு எழுதுவதைப் போல் ஒவ்வொரு வினாவையும் தலைப்பாக இட்டு விடை தேடி எழுதச் சொன்னோம். கால்நடை மருத்துவரைக் கண்டு கேட்டான். நாய் வளர்க்கும் மூன்று வீடுகளுக்குச் சென்று, மாதச் செலவு எவ்வளவு என்று விசாரித்தான். மே மாதத்தில் ஒரு நாள் நண்பகலில் தகரக் கூரையின் கீழ்த் தானே அமர்ந்து பார்த்தானாம். பதினைந்து நிமிடத்திற்கு மேல் இயலவில்லை என்று எழுதியிருந்தான். அப்பக்கத்தைப் படித்தபோது நமக்குக் கண் கலங்கிற்று.

குறிப்பேட்டில் ஒரு வினா மட்டும் இன்றும் விடையின்றி உள்ளது: "அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மா வேலைக்குப் போன பின் நான் பள்ளியில். காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை அதனோடு யார் இருப்பார்?" பகலில் உறங்கும் தந்தையை எண்ணி ஒரு விடை எழுதியவன், பின்னர் அதனைத் தானே அடித்துவிட்டிருக்கின்றான். அடித்த விடையின் கீழ், "இது எழுதும் வரை வாங்க வேண்டாம்" என்று குறித்துள்ளான். அதுவரை, தெருவில் கருத்தடை செய்யப்பெற்ற முதிய நாயொன்றிற்கு நாள்தோறும் தண்ணீர் வைத்து வருகின்றான். பாத்திரம் கவிழாதபடி அடியில் கல் பதித்திருக்கின்றான்.

பயிற்சி வினாக்கள்

குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து இவற்றுக்கு எழுத்தில் விடை காண்க.

1. நாம் விரும்பும் இனம் எந்நிலத்தில், எவ்வேலைக்காக உருவானது? அவ்வேலைக்கு ஈடாக நாள்தோறும் நாம் அதற்கு என்ன தரவியலும்?

2. மே மாதப் பிற்பகலில், மின்சாரம் இல்லாதபோது, அது எங்கே இருக்கும்?

3. இருவர் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கும் சென்றபின், அதனோடு யார் இருப்பார்? ஷிப்ட் மாறும் வாரங்களில் யார் நடத்திச் செல்வார்?

4. உணவு, தடுப்பூசி, மருத்துவம் ஆகியவற்றின் மாதச் செலவு எவ்வளவு? அதனைப் பத்தாண்டு ஏற்க இயலுமா?

5. நம் சமையலறை உணவால் அதன் புரதத் தேவை நிறைவேறும் என்பதை மருத்துவர் உறுதி செய்தாரா?

6. உண்ணி, புழு மருந்துகள் குறித்து நம் குடும்பத்தின் முடிவு என்ன?

7. தாய்நாயை நேரில் கண்டோமா? விற்பவரின் பதிவுச் சான்றைப் பார்த்தோமா? குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்ததா?

8. பிள்ளை மேற்படிப்புக்கு வெளியூர் சென்றாலும், வேலை வேறூருக்கு மாறினாலும், முதுமையுற்ற அந்நாய் யாரிடம் இருக்கும்?

எட்டுக்கும் விடை எழுதியவர் தயங்காமல் அழைத்து வருக. அவ்வுயிரும் உங்கள் இல்லமும் நலம் பெறும். ஒன்றேனும் எஞ்சினால் காத்திருக்க. காத்திருப்பதனால் எவ்வுயிர்க்கும் தீங்கில்லை.